ஐந்து மாதம் பதினோரு நாள்

ஆறு மாதம் சிறையில் இருந்தவர் தியாகி. ஐந்து மாதம் பதினோரு நாள் இருந்தவர்? விதிப்படி அவர் யாரும் இல்லை. ஆயக்குடியைச் சேர்ந்த ஓர் அம்மாவுக்காக நான் நடத்திய ரிட் வழக்கு, இடையில் இருந்த அந்தப் பத்தொன்பது நாள் பள்ளத்தைத் தூர்ப்பதற்காகத்தான்.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சுதந்திர வெள்ளி விழா நாளான 1972 ஆகஸ்ட் 15 அன்று ஒன்றிய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியம் அறிவித்தது. ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் கிடையாது என்று ஒரு வரம்பும் வைத்தது. 1980 ஆகஸ்ட் 1 முதல் வரம்பை எடுத்துவிட்டு, இது உதவி அல்ல, மரியாதை என்று திட்டத்தின் பெயரையே ‘சுதந்திர சைனிக் சம்மான்’ என மாற்றினார்கள். மாதம் 300 ரூபாய். மனுப் போடக் கடைசி நாள் 1982 மார்ச் 31. குறைந்தது ஆறு மாதச் சிறைவாசம் வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம் போதும். சிறை அலுவலகச் சான்று இருந்தால் நல்லது. இல்லையென்றால், பதிவேடு இல்லை என்பதற்கு ஒரு சான்றும், உடன் சிறையில் இருந்த எம்.எல்.ஏ. அல்லது எம்.பி., அல்லது முன்னாள் எம்.எல்.ஏ., எம்.பி. தரும் சான்றும் வேண்டும். இல்லாத காகிதம் இல்லை என்பதற்கும் ஒரு காகிதம். எங்கள் தொழிலில் இதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை.

அந்த அம்மாவின் கணவர் 1941-ல் தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறை போனவர். பெயர் வேண்டாம், குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. 1942-இன் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தைப் பற்றித் தெரிந்த அளவுக்கு இந்தச் சத்தியாகிரகத்தைப் பற்றி இளைஞர்களுக்குத் தெரிவதில்லை. 1940 அக்டோபர் 17 அன்று பவுனாரில் வினோபா பாவே தொடங்கி வைத்தது. கூட்டம் கூடாது, கல்லெறி கூடாது. காந்தி ஒப்புதல் தந்த ஆள், இன்ன நாள், இன்ன இடம் என்று அதிகாரிக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டு, தனியாளாகப் போய், இந்த யுத்தத்துக்கு ஆளோ பணமோ கொடுத்து உதவுவது தவறு என்று முழங்க வேண்டும். போலீஸ் பிடிக்காவிட்டால் ஊர் ஊராக அதையே சொல்லிக்கொண்டு டெல்லியை நோக்கி நடக்க வேண்டும். பிடித்தால் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வழக்கு. எதிர்வழக்காடக் கூடாது. ராஜாஜிக்கு ஓராண்டு தண்டனை. காமராஜரை வேலூரில் அடைத்தார்கள், சிறையில் இருந்தபடியே விருதுநகர் நகர்மன்றத் தலைவரானார். இவர்களுக்குப் பின்னால், பத்திரிகையில் பெயர் வராமல் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் ஒருவர் நம் ஆயக்குடிக்காரர். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. பழனியில் முழங்கினார், பிடித்தார்கள், தண்டனை கொடுத்துத் திருச்சி மத்திய சிறைக்கு அனுப்பினார்கள்.

1972-ல் அவர் மனுப் போடவில்லை. கொய்யாத் தோட்டத்து வருமானத்துக்கு நான் கணக்குக் காட்ட வேண்டுமா என்று கேட்டாராம். 1982-ல், கெடு முடிய ஒரு மாதம் இருக்கையில், நண்பர்கள் கையெழுத்து வாங்கி அனுப்பி வைத்தார்கள். கூடவே முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் சான்று. திருச்சி சிறையிலிருந்து வந்த சான்றில் இரண்டே தேதிகள்: சேர்ந்தது 3.3.1941, விடுதலை 14.8.1941. தண்டனை எவ்வளவு என்ற கட்டம் காலி. மேலிடத்து அலுவலகத்தில் யாரோ ஒருவர் பென்சிலால் கூட்டிப் பார்த்து ஓரத்தில் குறித்திருக்கிறார்: ஐந்து மாதம் பதினோரு நாள். மனு ‘மேலும் விவரம் தேவை’ என்று திரும்பியது, மறுபடி போனது, மறுபடி திரும்பியது. 1989-ல் பெரியவர் காலமானார். அந்த அம்மா எழுதுவதை விடவில்லை. 1998-ல் ஒருவழியாக நிராகரிப்பு உத்தரவு வந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் பழனியில் என் அலுவலகத்துக்கு வந்தார்.

வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னது 1941-ஐப் பற்றி அல்ல.

“வக்கீல் தம்பி, அவுங்க செயிலுக்குப் போனது கெடக்கட்டும். அதுக்கு மறு வருசம் மலை மேல ஒளிஞ்சு கெடந்தாங்களே, அதை எழுதுங்க. அதுதான் பெருசு.”

1942 ஆகஸ்டில் தலைவர்களைப் பிடித்ததும் நாடு கொதித்தது. சூலூரில் விமானத்தளம் எரிந்தது. திருவாடானையில் சிறைக் கதவை உடைத்துக் கைதியை மக்களே மீட்டார்கள். பழனிப் பக்கத்திலும் போலீஸ் பழைய பட்டியலைத் தூசி தட்டி ஆள் தேடியிருக்கிறது. இவர் மலையேறிவிட்டார். மலைவாழையும் காப்பிக் கொட்டையும் சுமந்து இறங்கும் பொதிக் குதிரைக்காரர்களோடு சேர்ந்துகொண்டு தாண்டிக்குடிப் பக்கம், பண்ணைக்காட்டுப் பக்கம் என்று ஏழெட்டு மாதம் வேறு பெயரில் திரிந்திருக்கிறார். அந்த அம்மா சொல்லக் கேட்டால் ஒரு நாவலே எழுதலாம். திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு: ஆறு மாதத்துக்கு மேல் தலைமறைவாக இருந்தவருக்கும் ஓய்வூதியம் உண்டு. ஆனால் அவர் தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது தலைக்கு விலை வைத்திருக்க வேண்டும், அல்லது காவலில் வைக்கும் உத்தரவு பிறந்து சார்வு செய்ய முடியாமல் இருந்திருக்க வேண்டும். இவர் பெயரில் அப்படி ஒரு காகிதமும் அகப்படவில்லை. ஒளிந்திருந்தவர் எதைச் சாதித்தார் என்றால், தன்னைப் பற்றி ஒரு காகிதமும் பிறக்காமல் பார்த்துக்கொண்டதைத்தான். அதே காகிதத்தை இப்போது கேட்டார்கள்.

“அம்மா, மலைக்கதையை விட்டுடுவோம். செயில் கணக்கை மட்டும் பிடிப்போம்” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பொய் என்று நினைக்கிறாயா என்று கேட்டார். பொய் இல்லை, ஆனால் நிரூபிக்க முடியாத உண்மையை வழக்குக் கட்டில் சேர்த்தால் நிரூபிக்க முடிந்ததையும் அது கீழே இழுத்துவிடும் என்று விளக்கினேன். அவருக்கு அது சமாதானமாகவில்லை. கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு உறுத்திய ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வரலாறு முழுக்கவே இப்படித்தான். திண்டுக்கல் சீமையில் இருந்த பாளையங்களில் ஆயக்குடியும் ஒன்று. கொஞ்ச தூரத்தில் விருப்பாச்சி. வேலு நாச்சியாருக்குப் புகலிடம் தந்த, 1800-ல் கோயம்புத்தூர் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்ட கூட்டணிக்குத் தலைவராக இருந்த அதன் பாளையக்காரர் கோபால் நாயக்கரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1801-ல் தூக்கிலிட்டார்கள். அவரைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? கம்பெனி அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து. பேராசிரியர் கே. ராஜய்யன் தென்னிந்தியக் கிளர்ச்சியைப் பற்றி 1971-ல் புத்தகம் எழுதியதும் அந்த ஆவணங்களைப் புரட்டித்தான். விருப்பாச்சி பறிபோனது, ஆயக்குடி ஜமீனாக, 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும் வரை நீடித்தது. ஜமீன் ஊர்க் கணக்கு ஜமீன் கச்சேரியில் இருக்கும், சர்க்கார் தாலுகா ஆபீசில் இருக்காது. ஆயக்குடியில் 1950-க்கு முந்தைய எந்தச் சங்கதிக்கும் ஆவணம் தேடுகிற வக்கீலுக்கு இந்தத் தலைவலி தெரியும்.

ஆக, எதிர்த்தவனைப் பற்றிய பதிவு எதிர்க்கப்பட்டவன் கையில். வெள்ளைக்காரன் சிறையில் எழுதிய ரிஜிஸ்டர் இருந்தால் நம்புவோம், பக்கத்துக் கொட்டடியில் படுத்திருந்தவன் சொன்னால் நம்ப மாட்டோம் என்று சுதந்திர இந்தியாவின் அலுவலகம் சொல்லியது. என் வழக்கு இந்த மனப்பாங்கோடுதான்.

இனி கணக்கு. திட்டத்தின் விதிகளில் பலர் படிக்காமல் விடுகிற சில வரிகள் இருக்கின்றன. வழக்கு தண்டனையில் முடிந்தால், விசாரணைக் கைதியாக இருந்த நாட்களும் சிறைவாசக் கணக்கில் சேரும். நன்னடத்தைக்காகக் கிடைக்கும் வழக்கமான தண்டனைக் குறைப்பு ஒரு மாதம் வரை, உள்ளே இருந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். விட்டு விட்டு இருந்த காலங்களையும் கூட்டிக்கொள்ளலாம். ஆகவே எனக்கு இரண்டில் ஒன்று போதும்: தண்டனை ஆறு மாதம்தான் என்று காட்ட வேண்டும், அல்லது மார்ச் 3-க்கு முன்பு அவர் பழனி சப்-ஜெயிலில் இருந்தார் என்று காட்ட வேண்டும். தீர்ப்பு நகல் கிடைக்கவில்லை. சப்-ஜெயில் பதிவேடுகள் கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் பத்திரப்படுத்திக்கொண்டேன். முன்னாள் எம்.எல்.ஏ. சான்று? அவர் திருச்சிக்கு வந்ததே ஏப்ரலில். பிப்ரவரியில் பழனியில் நடந்ததை அவர் எப்படிச் சொல்ல முடியும் என்று நிராகரிப்பு உத்தரவில் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான்.

வேறு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று அந்த அம்மாவைக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அடுத்த வாய்தாவுக்கு வரும்போது ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். ரேஷன் கார்டு, ஜாதகங்கள், தோட்டத்துப் பத்திரம். அடியில் ஒரு தபால் அட்டை. திருச்சி சிறையிலிருந்து தம் அண்ணனுக்கு எழுதியது. சிறை முத்திரை, சரிபார்த்த அதிகாரியின் சுருக்கொப்பம், 1941 மார்ச் மாதத் தபால் முத்திரை. பாதி, மாட்டுக்குத் தீவனம் வைப்பது பற்றி. மீதிப் பாதியில் என் வழக்கு இருந்தது: பூசத் தேர்க் கூட்டத்தில் பிடித்ததிலிருந்து பழனியிலேயே வைத்திருந்ததாகவும், முகாம் போன மாஜிஸ்திரேட் திரும்பி வரத் தாமதமானதால் வழக்கு தள்ளிப் போனதாகவும், இப்போது ஆறு மாதம் போட்டு இங்கே அனுப்பியிருப்பதாகவும், ஆவணிக்குள் வந்துவிடுவேன் கவலை வேண்டாம் என்றும்.

பூசத் தேர்! பழனிக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? விக்கிரம வருஷப் பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்தேன். அந்த ஆண்டுத் தைப்பூசம் பிப்ரவரி இரண்டாம் வாரத் தொடக்கத்தில் வந்திருந்தது. அவரை எந்தக் கிழமையில் பிடித்தார்கள் என்று நான் நிரூபிக்க வேண்டியதே இல்லை. விடுதலை ஆகஸ்ட் 14. பிப்ரவரி 14-க்குள் எந்த நாளில் பிடித்திருந்தாலும் ஆறு மாதம் நிறைந்துவிடுகிறது. தேர் பார்க்க வந்த கூட்டம் பழனியில் அதற்குப் பிறகும் நாள் கணக்கில் நிற்காது.

இந்தியச் சாட்சியச் சட்டம் 1872-ல் வெள்ளைக்காரன் இயற்றியது. 2024 ஜூலை வரை நம்மிடம் நடைமுறையில் இருந்தது. நல்ல சட்டம். அதன் 90-வது பிரிவுப்படி, முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், கையெழுத்து இன்னாருடையதுதான் என்று நீதிமன்றம் அனுமானிக்க முடிந்தது. அதில் எழுதியிருப்பது உண்மை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஜூனியர்கள் அடிக்கடி இங்கேதான் வழுக்குவார்கள். ஆனால் ஓய்வூதியம் என்ற பேச்சே பிறக்காத 1941-ல், தீவன விஷயத்துக்கு நடுவே ஒருவர் பொய்த் தேதி புனைய என்ன காரணம் இருக்க முடியும்? 57-வது பிரிவு, பொதுத் திருவிழாக்கள் போன்றவற்றை நீதிமன்றம் தானாகவே கவனத்தில் கொள்ள வேண்டும், அதற்குத் தக்க நூல்களைப் பார்க்கலாம் என்றது. பஞ்சாங்கத்தை அந்தக் கதவு வழியாக உள்ளே கொண்டுபோனேன்.

அரசுத் தரப்பையும் குறை சொல்வதற்கில்லை. போலித் தியாகிகள் இருந்தார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் அப்படிப் பலர் பட்டியலில் நுழைந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. சுதந்திரம் வந்தபோது பிறந்தே இராதவர்கள்கூடத் தாமிரப் பட்டயத்துக்கு ஆசைப்படுகிற நாட்டில், கேள்வி கேட்கிற குமாஸ்தாவும் வேண்டும். ஆனால் கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. முகுந்த் லால் பண்டாரி வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம், தாமதமாக மனுப் போட்டார் என்பதற்காகத் தியாகியைத் திருப்பி அனுப்பாதே என்று சொல்லிவிட்டது. 2001-ல் குர்தியால் சிங் வழக்கில் இன்னும் தெளிவு: குற்ற வழக்கில் கேட்பது போல ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்கக் கூடாது, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். என் மனு நிலுவையில் இருக்கும்போது வந்த தீர்ப்பு இது. செய்தியைப் படித்த அன்று இரவே கூடுதல் அபிடவிட்டைத் தயாரித்துவிட்டேன்.

இன்னொன்றையும் வாதத்தில் சேர்க்க ஆசைப்பட்டேன். சீனியர் வேண்டாம் என்று அடித்துவிட்டார். அதை இங்கே சொல்லிக்கொள்கிறேன். பிரிட்டிஷாரை எதிர்த்து முதலில் ஜெயித்த குடியேற்ற மக்கள் அமெரிக்கர்கள். வரி, தேயிலை என்று தொடங்கி 1775-ல் போராகி 1783-ல் முடிந்தது. போராடியவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க வேண்டிய நேரம் வந்தபோது அவர்களிடமும் காகிதம் இல்லை: 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீப்பற்றி ஆவணங்கள் எரிந்துபோயின. 1818-ல் வந்த சட்டம் ஏழைகளுக்கு மட்டும் என்றது; இரண்டு ஆண்டில் சொத்துப் பட்டியலே கேட்டார்கள். நம் 1972 வருமான வரம்புக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்த அண்ணன். 1832 ஜூன் 7 சட்டத்தில் அந்த வரம்பு இல்லை. குறைந்தபட்சச் சேவை எவ்வளவு தெரியுமா? ஆறு மாதம்! ஆனால் காகிதம் இல்லாதவரை அவர்கள் கோர்ட்டுக்கு அழைத்தார்கள். கிழவர் நீதிபதி முன் சத்தியம் செய்து, எங்கே சேர்ந்தேன், எந்த அதிகாரியின் கீழ் இருந்தேன், எந்தச் சண்டையில் நின்றேன் என்று வாயால் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டார். பாதிரியார் ஒருவரும் அக்கம்பக்கத்தார் ஒருவரும் வந்து, இவர் அந்தப் போரில் இருந்தவர் என்றுதான் ஊரில் நம்புகிறார்கள் என்று சொல்ல வேண்டும். அப்படிப் பதிவான வாக்குமூலங்கள் இன்றும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பொய் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் சாதாரணச் சிப்பாயின் வாயிலிருந்து வந்த போர் வரலாறு அந்த நாட்டுக்குக் கிடைத்தது அந்தச் சட்டத்தால்தான். நம் திட்டத்தில் படிவம் இருந்தது, இணைப்பு இருந்தது, பேசச் சொல்லும் இடம் இல்லை. ஆயக்குடி அம்மாவின் மலைக்கதையை நான் கட்டிலிருந்து எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்கக் கோர்ட்டாக இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள்.

மனுவைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்டோம். 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறந்த பிறகு கட்டு அங்கே மாறியது. பழனியிலிருந்து காலை பஸ் ஏறினால் கோர்ட் தொடங்குவதற்குள் போய்விடலாம் என்ற ஒரே காரணத்துக்காக அந்தக் கிளைக்கு நான் நன்றி சொல்வேன். அந்த அம்மாவை அங்கேதான் முதல் முறையாக ஹாலில் உட்கார வைக்க முடிந்தது.

இறுதி விசாரணை 2005-ல். நீதிபதி தபால் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். தீவனப் பகுதியையும் விடாமல் படித்தார். பிறகு அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம், சப்-ஜெயில் பதிவேட்டை அழித்தது யார் என்று கேட்டார். அரசு என்று பதில். அப்படியானால் அது இல்லாததன் பாரத்தை மனுதாரர் தலையில் எப்படி ஏற்றுவது என்று கேட்டார். தைப்பூசத் தேதியை எதிர்த்தரப்பு மறுக்கவில்லை. அரசு வழக்கறிஞரும் திண்டுக்கல் பக்கத்துக்காரர். நீதிபதி புறப்படும் முன் அந்த அம்மாவைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ரிட் கோர்ட்டில் அப்படிக் கேட்பது வழக்கமில்லை.

எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு அவர், “மலை மேல ஏழு மாசம் இருந்தாங்க சாமி. வக்கீல் தம்பி அதை எழுதல” என்றார். ஹாலில் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை. எழுதாவிட்டாலும் கேட்டுக்கொண்டேன் என்றார்.

நிராகரிப்பு உத்தரவு ரத்து. மனு சேர்ந்த 1982-ஆம் ஆண்டுத் தேதி முதல் பெரியவர் இறந்த நாள் வரைக்கான ஓய்வூதிய நிலுவை வாரிசுகளுக்கு; அதற்குப் பின் குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கு; பன்னிரண்டு வாரத்தில் நிறைவேற்ற வேண்டும். விசாரணைக் கைதியாக இருந்த நாட்களைச் சேர்த்தாலே ஆறு மாதம் நிறைவதால், தண்டனைக் குறைப்பு பற்றிய கேள்விக்குள் போக வேண்டியதில்லை என்றும் உத்தரவில் இருந்தது. மேல்முறையீடு செய்யவில்லை. கெடுவைத் தாண்டிக் கொஞ்ச நாளில் பணம் வந்தது.

அந்த அம்மா இப்போது இல்லை. தபால் அட்டை குடும்பத்தாரிடம் இருக்கிறது. கோர்ட்டிலிருந்து மூலத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் பழைய டின்களும் டிரங்குப் பெட்டிகளும் இருக்கும். தாத்தா சிறையிலிருந்தோ பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ எழுதிய கடிதம் அகப்பட்டால் லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையும் மையும் பாழாகும். இரண்டு பக்கமும் நகல் எடுங்கள். யாருக்கு யார் எழுதியது, யாரிடமிருந்து உங்கள் கைக்கு வந்தது என்று தனித்தாளில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு அதனோடு வையுங்கள். வீட்டில் அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால், போனில் பேச்சைப் பதிவு செய்துவிடுங்கள். மலைக்கதையையும் சேர்த்து.